முதலில் யார் எடுப்பது

ஜூலை 2, 2007. திங்கள்.

பகல் முழுக்க அனல். சாயங்காலம் நாலு தூறல், அதோடு சரி. கரண்ட் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா தூங்கியாயிற்று. தையல் மிஷின்மேல் பாதி தைத்த ஜாக்கெட்.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் இது.

பியானோ போட்டியின் முதல் சுற்றில் தேறிவிட்டேன். ராபினும் தேறிவிட்டான். ராபின் என் மாமா பையன். பிளஸ் டூ. பாண்டிச்சேரிக்குப் போய் டீச்சர் வைத்துக் கற்றவன். நான் பிளஸ் ஒன். சபை ஹாலில் கிடக்கும் பழைய பியானோவில், ஞாயிறு ஆராதனைக்கு வாசித்து வாசித்தே கற்றவள். உப்புக் காற்றில் அதன் கட்டைகள் உப்பிப்போய்ச் சில அமுங்கினால் எழாது.

இறுதிச் சுற்று 21-ம் தேதி, சிதம்பரத்தில். ஜெயிக்கிறவருக்குச் சென்னையில் தங்கி இலவசமாகப் படிக்க இடம். ஒரே ஒரு இடம்.

அதில் தனியாக வாசிக்க முடியாது. சேம்பர் மியூசிக் என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. சின்ன அறைக்குள் இரண்டு மூன்று பேர், நடத்திக் காட்ட ஆள் இல்லாமல், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே வாசிப்பது. வயலினுக்கோ செல்லோவுக்கோ ஆளை நாமே கூட்டிவர வேண்டும். ராபினுக்குச் சென்னையிலிருந்து ஒரு வயலின்காரரை மாமா பேசிவிட்டார்.

எனக்கு யார்? தெரியாது.

ராத்திரிச் சாப்பாட்டில் மாமா எனக்கு எதிரே. மீன் முள்ளைத் தட்டு ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் அப்படி அடுக்கினால் ஏதோ முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.


ஜூலை 4. புதன்.

நினைத்தது நடந்தது.

இனி மா. என்றால் மாமா. யாராவது இதைப் பார்த்தாலும் மாதம் என்று நினைக்கட்டும்.

மா. கூப்பிட்டார். கீழே போனேன். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் போட்டியிலிருந்து விலக வேண்டுமாம். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் போய் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வதா என்றார். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் போகப்போகிறவளாம், எனக்கு எதற்கு சென்னை. இதெல்லாம் எனக்கே இப்போதுதான் தெரியும்.

அத்தை வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு அவனையே கட்டிக்கப்போறவ. அவன் ஜெயிச்சா நீ ஜெயிச்ச மாதிரிதானே எஸ்தரு."

ராபின் வாசற்படியில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். "என்னைக் கேட்டீங்களா" என்றான் அவன் அம்மாவிடம். அத்தை அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்க முடியாது. அப்பா போன பிறகு இந்த மாடி அறையில் நாங்கள் இருப்பது மா. சொல்லித்தான். பள்ளிக்கூட ஃபீஸ் அவர் ஹார்டுவேர் கடையிலிருந்து. சபையில் பாடகர் குழுத் தலைவரும் அவர்தான். பியானோவைத் தொட வேண்டுமென்றாலும் அவர் தலையை ஆட்ட வேண்டும். போன வருஷம் ஒரு பாட்டை வேகமாக வாசித்ததற்குப் பாட்டுப் புத்தகத்தாலேயே முதுகில் ஒன்று வைத்தார். எல்லோர் முன்னாலும்.

ஆனால் இதுவும் நடந்தது, இதே நாளில். மத்தியானம் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, தன் தங்கை செல்வி சிதம்பரத்தில் வயலின் படிப்பதாகவும், என்னைப் பற்றிச் சொன்னதும் வருகிறேன் என்றதாகவும் சொன்னார். சனிக்கிழமை வருகிறாராம்.

வேண்டாம் டீச்சர், நான் விலகிவிட்டேன் என்று நாளைக்குச் சொல்ல வேண்டும்.

சொல்லப்போவதில்லை.


ஜூலை 6. வெள்ளி.

எழுத்து கோணலாக வருகிறது பார்.

சாயங்காலம் மா. என்னைத் திருப்பாப்புலியூருக்குக் கூட்டிப்போனார். டெலிபோன் பூத். போட்டி நடத்துகிறவர்களுக்கு நானே என் வாயால் விலகுகிறேன் என்று சொல்ல வேண்டுமாம். அவர் சொன்னால் பையனுக்காகத் தள்ளிவிட்டார் என்று சபையில் பேசுவார்களாம். கடை போனில் பேசினால் கடைப் பையன்கள் காதில் விழுமாம்.

கண்ணாடிக் கூண்டுக்குள் நான். வெளியே அவர், கையைக் கட்டிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி. கதவைச் சாத்தினேன். உள்ளே பீடி நாற்றம், வெக்கை. மணி அடித்தது. ஒரு சார் எடுத்தார்.

"கடலூர்லேர்ந்து எஸ்தர் பேசறேன் சார். சிதம்பரம் ஃபைனல் விஷயமா."

"சொல்லும்மா."

மா. கண்ணாடிக்கு அருகில் வந்து நின்றார். நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

"எத்தனை மணிக்கு சார் வரணும்?"

"ஒம்போதுக்கெல்லாம் இருக்கணும். கூட வாசிக்கறது யாரு? பேரு இன்னும் வரலியே."

"செல்வி. வயலின். எழுதிக்குங்க சார்."

போனை வைத்துவிட்டு வெளியே வந்தேன். சொல்லிவிட்டாயா என்றார். சொல்லிவிட்டேன் மாமா என்றேன். பொய்கூட இல்லை. ஏதோ ஒன்றைச் சொன்னேன் அல்லவா.

பக்கத்துக் கடையில் ரோஸ் மில்க் வாங்கிக்கொடுத்தார். நல்ல பிள்ளை என்று தலையில் கை வைத்தார். ரோஸ் மில்க் நன்றாக இருந்தது. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. முழுவதையும் குடித்தேன்.

கர்த்தாவே, தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்க விடாதேயும்.


ஜூலை 7. சனி.

பள்ளிக்கூடப் பிரேயர் ஹால். ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போனேன். பியானோ கிடையாது, ஆண்டு விழா கீபோர்டுதான். மேலே ஒரு கட்டை உடைந்திருக்கிறது.

செல்வி அக்கா வந்தார். (இனி செ.அ.) ஒல்லி. நெற்றியில் விபூதிக் கீற்று. சேத்தியாத்தோப்புப் பக்கம். வந்ததும் சப்பணமிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வயலின் தலையைக் கணுக்காலில் முட்டுக்கொடுத்து, அடியை மார்பில் வைத்து. அவருக்கு எங்கள் மேற்கத்திய ஐந்து கோட்டு நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது. டீச்சர் முன்பே சொல்லியிருந்ததால், நான் அவர் பங்கு முழுவதையும் ச ரி க ம-வில் எழுதிவைத்திருந்தேன். மூன்று ராத்திரி வேலை. பார்த்துவிட்டு, "நிஷாதத்த ஒரு எடத்துல விட்டுட்ட பாரு" என்றார். ஆமாம், விட்டிருந்தேன்.

எடுத்துக்கொண்டது ஒரு சொனாட்டாவின், பல பகுதி கொண்ட மேற்கத்திய உருப்படியின், மெதுவான பகுதி. பியானோவும் வயலினும் ஒரே நொடியில் ஆரம்பிக்க வேண்டும்.

ரெடியா என்றேன். ரெடி என்றார்.

அமைதி.

மின்விசிறிச் சத்தம் மட்டும். அவர் வில்லைத் தந்திமேல் வைத்தபடி என்னைப் பார்க்கிறார். நான் கையைக் கட்டைமேல் வைத்தபடி அவரைப் பார்க்கிறேன். திரும்பவும் ரெடியா, ரெடி. திரும்பவும் அமைதி. டீச்சர் தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "இன்னாடி இது, பந்தியில நீ உக்காரு நான் உக்காருன்னு நின்னுக்கினு. சோறு ஆறிடும்டி."

செ.அ. சொன்னார்: கச்சேரியில் வயலின் பாடகருக்கு நிழல். பாடகர் எடுத்த பிறகு நாம் பின்னாலேயே போக வேண்டும். முந்தினால் திட்டு விழும். அவர் கற்றது அப்படி.

நான் கற்றதும் அப்படித்தான். சபை பாட்டை இழுக்கும், நான் காத்திருப்பேன். மா. கை தூக்குவார், அதற்கும் காத்திருப்பேன். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், எல்லாவற்றிலும் யாரோ எடுப்பார்கள், நான் பின்னால் போவேன். என் வாழ்நாளில் ஒரு பாட்டைக்கூட நானாக ஆரம்பித்ததில்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"அக்கா, நீங்க எடுங்க" என்றேன்.

"இது பியானோ போட்டி. போர்டுல உன் பேரு. இங்க நீதான் பாட்டுக்காரி, நான் பக்கவாத்தியம். நீ எடு."

எடுத்தேன். கோழி முட்டையை எடுப்பது மாதிரி. அவர் ஒரு மயிரிழை தாமதமாக வந்தார். திரும்பவும். திரும்பவும் தாமதம். சாயங்காலம்வரை ஆரம்பத்தைத் தாண்டவே இல்லை.


ஜூலை 11. புதன்.

கெமிஸ்ட்ரி டெஸ்ட் சொதப்பல். பேனா மை ஒழுகி யூனிஃபார்ம் பாழ்.

பயப்படும் விஷயங்கள்: மா. செருப்புச் சத்தம் மாடிப்படியில். கடைப் பையன்கள் யாராவது பிரேயர் ஹால் பக்கம் வருவது. அம்மாவை வீட்டை விட்டுப் போகச் சொல்வது. மேடையில் எல்லாம் மறந்துபோவது. ராபின் என்னைவிட நன்றாக வாசிப்பது. நான் ராபினைவிட நன்றாக வாசிப்பது.

கீழே ராபின் வாசிக்கிறான். வீட்டில் அவனுக்கு கீபோர்டு உண்டு. நன்றாகத்தான் வாசிக்கிறான். பொய் சொல்லக் கூடாது. ஆனால் மேல் ஸ்தாயிக்குப் போகிற ஓர் இடத்தில் அவசரப்படுகிறான். நான் மாட்டேன்.


ஜூலை 14. சனி.

ஆரம்பித்துவிட்டோம்! சேர்ந்து!

செ.அ.தான் வழி சொன்னார். தாளம் போட எனக்குக் கை இல்லை. தலையை ஆட்டினால் தெரியாது, மேடையில் அவர் தரையில் இருப்பார், பியானோ மறைக்கும். அதனால்: "எடுக்கறதுக்கு முன்னாடி நல்லா மூச்சை இழு. எனக்குக் கேக்கணும். அந்த மூச்சு எவ்ளோ நீளமோ அதான் காலம்."

முதலில் வெட்கமாக இருந்தது. அவ்வளவு சத்தமாக மூச்சு விடுவது அடக்கமில்லாத மாதிரி. "ஜாஸ்தி யோசிக்காத, மாடு மாதிரி இழு" என்றார். இழுத்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்கினோம். மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு சண்டை. நீள ஸ்வரங்களை அவர் அசைக்கிறார். அசைக்கக் கூடாது, நேராக நிற்க வேண்டும் என்றேன். நேராக நின்றால் செத்தது மாதிரி இருக்கிறது என்றார். எழுதியிருப்பது அப்படி என்றேன். எழுதினவர் வயலின் வாசிப்பாரா என்று கேட்டார். கடைசியில் ஒரே ஒரு இடத்தில் அசைக்க அனுமதி. அனுமதி கொடுத்தது நான்! வீட்டில் ஜன்னல் திறக்கக்கூட நான் அனுமதி கொடுத்ததில்லை.

போகும்போது, வீட்டில் தெரியுமா என்று கேட்டார். இல்லை என்றேன். முழுக்கச் சொன்னேன். வில்லுக்கு ரோசனப் பிசின் தேய்த்தார். பிறகு சொன்னார்: வயலின் படிக்கப் போகிறேன் என்றபோது அவர் அண்ணன்மார் மூன்று மாதம் பேசவில்லையாம். இப்போது பேசுகிறார்களா என்றேன். "பேசறாங்க. நான்தான் பேசறதில்ல."


ஜூலை 19. வியாழன்.

ஆடிக் காற்று. கொடியில் போட்ட பாவாடை பக்கத்து வீட்டுக் கூரையில்.

அம்மாவுக்குத் தெரியும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டே, சனிக்கிழமை முதல் பஸ்ஸா, அடுத்த பஸ்ஸா என்று கேட்டார். கையிலிருந்த புத்தகத்தை மூடினேன். டீச்சர் சொல்லிவிட்டாராம். பத்து நாளாகவே தெரியுமாம். சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஜாக்கெட் கொடுக்கப் போகிறோம் என்று அத்தையிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒரு ஊக்கு சரியாக உட்காரவில்லை. மூன்று முறை பிரித்துத் தைத்தார்.


ஜூலை 21. சனி.

நடந்தது நடந்தபடி எழுத வேண்டும். தூங்கினால் மாறிவிடும்.

காலை பஸ். கம்பெனிகள் தாண்டும்வரை கெமிக்கல் நாற்றம், எல்லோரும் மூக்கில் துணி. ஆலப்பாக்கம் தாண்டியதும் காற்று. அம்மா முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஹாலில் மூன்று கால் பெரிய பியானோ. லாரியில் கொண்டுவந்ததாம். அவ்வளவு கருப்பான பொருளை நான் பார்த்ததில்லை, என் முகம் அதில் தெரிந்தது. மாமாவும் ராபினும் முன்னால் மூன்றாவது வரிசை. நாங்கள் பின்கதவு வழியாக. அம்மா கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால்.

செ.அ. உட்கார ஒரு தாழ்ந்த பலகை வேண்டும் என்றார். மேடையைப் பார்த்துக்கொண்ட ஆள், வயலினை நின்றுகொண்டு வாசிப்பதுதான் முறை என்றார். எந்த விதியில் எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்றார் செ.அ. அந்த ஆள் தேடினார். இல்லை. பலகை வந்தது, ஜமுக்காளம் விரித்து.

ராபின் முறை எனக்கு முன்னால். நன்றாக வாசித்தான். மேல் ஸ்தாயி இடத்தில் அவசரப்படவும் இல்லை. மா. கை தட்டியது தனியாகக் கேட்டது.

பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நடந்தேன். மூன்றாவது வரிசையைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தேன். செ.அ. கண்ணில் படவில்லை, ஜமுக்காளத்தின் ஓரம் மட்டும் தெரிந்தது. மூச்சை இழுத்தேன். மாடு மாதிரி. சேர்ந்து இறங்கினோம்.

பாதிவரை நன்றாகப் போனது. நன்றாக என்றால், இதுவரை வாசித்ததிலேயே நன்றாக. அந்தப் பியானோவில் தொட்ட கட்டை எல்லாம் எழுந்தது. பிறகு பக்கவாட்டில் ஏதோ அசைந்தது. பார்த்தேன். மா. எழுந்து நின்றிருந்தார்.

கை நின்றுவிட்டது.

மறந்துபோகவில்லை. அடுத்த ஸ்வரம் என்ன என்று நன்றாகத் தெரியும். கை இறங்கவில்லை. அவ்வளவுதான்.

வயலின் நிற்கவில்லை. செ.அ. நான் விட்ட இடத்துக்கு முந்தின வரியைத் திரும்ப வாசித்தார். முடித்துவிட்டு இன்னொரு முறை, இந்தத் தடவை அசைத்து, வளைத்து. எங்கே அனுமதி இல்லையோ அங்கெல்லாம். கச்சேரியில் பாடகர் தண்ணீர் குடித்தால், இருமினால், வயலின் இப்படித்தான் இடத்தைப் பிடித்து வைத்திருக்குமாம். பிறகு சொன்னார். யோசித்துச் செய்யவில்லை, பழக்கம் என்றார். அந்த ஹாலில் வேறு எந்த வயலின்காரரும் நின்றிருப்பார். இவருக்கு நிற்கத் தெரியாது.

ஆனால் எனக்காக முன்னால் போகவும் தெரியாது. அதே வரியில் சுற்றிக்கொண்டே இருந்தார். நான் எடுக்கும்வரை எடுக்கமாட்டார்.

மூச்சை இழுத்தேன். கடைசி வரிசைக்கே கேட்டிருக்கும். இறங்கினேன். மென்மையாக என்று எழுதியிருந்த இடத்தில் ஓங்கி வாசித்தேன். கடைசிவரை மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பவில்லை.

முடிந்ததும் நடுவர்களில் ஒருவர், குட்டை நரைமுடி, சென்னைக்காரர், கூப்பிட்டார். நொட்டேஷனில் இல்லாததை வாசித்தீர்கள், யார் முடிவு அது என்றார். நான் நின்றுவிட்டேன், அக்கா காப்பாற்றினார் என்றேன். கேட்க அழகாக இருந்தது, ஆனால் அதற்கு மார்க் போட எனக்கு இடமில்லை என்றார்.

இடம் ராபினுக்கு. எங்களுக்கு ஒன்றுமில்லை.

அழுதேன். பஸ்ஸில் இல்லை. ஹாலுக்குப் பின்னால் குழாயடியில், செ.அ. என் தலையில் தண்ணீர் தெளிக்கும்போது. "நல்லா எடுத்த, ரெண்டாவது தடவ" என்றார்.


ஜூலை 22. ஞாயிறு.

ஆராதனைக்கு என்னை வாசிக்க விடவில்லை. ராபின் வாசித்தான். அத்தை சோற்றை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் ராபின் மாடிக்கு வந்தான். கதவில் சாய்ந்து நின்றான். என் பெயர் பட்டியலில் இருந்ததை அவன் காலையிலேயே பார்த்துவிட்டானாம். "அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாம போர்டு தெரியாது. நான் கண்ணாடிய எடுத்துக் குடுக்கல. அவ்ளோதான்."

பிறகு சொன்னதுதான் எனக்குத் தெரியாதது. மா. எழுந்தது மட்டுமில்லை, மேடையை நோக்கி நடக்கவும் தொடங்கினாராம். அப்போது அம்மா. தூணுக்குப் பின்னாலிருந்து வந்து, நடைபாதையில் நின்று, அவர் சட்டைக் கையைப் பிடித்தாராம்.

"அண்ணே, உக்காருங்க. புள்ள வாசிச்சி முடிக்கட்டும்."

மா. உட்கார்ந்தாராம்.

"வேன்ல வரும்போது நானும் கேட்டேன்" என்றான் ராபின். "நீங்க எழுந்திரிக்காம இருந்திருந்தா எனக்கு இந்த சீட்டு கெடச்சிருக்குமாப்பான்னு."

என்ன சொன்னார் என்றேன். வண்டியை நிறுத்தி டீ குடிக்கலாம் என்றாராம்.

நகத்தைக் கடித்தான். "எனக்கு அது ஒரு மாதிரியா இருக்குது எஸ்தரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.


ஜூலை 26. வியாழன்.

உத்தரவு வந்துவிட்டது, அத்தை மூலமாக. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் பாடகர் குழு எல்லோர் எதிரிலும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் பழையபடி வாசிக்கலாம். கேட்காவிட்டால் பியானோ பக்கம் வரக் கூடாது. மாடி அறை பற்றியும் யோசிக்க வேண்டியிருக்குமாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அத்தை மெதுவாகச் சொன்னார்.

அம்மா மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்தார். வீடு வாடகைக்குத் தேடலாமா என்றேன். தேடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். மஞ்சக்குப்பத்தில் ஒன்று பார்த்தாராம், தண்ணீர் கஷ்டம். இதெல்லாம் எப்போது? இந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை.

பிறகு மிஷினை நிறுத்தினார். "மன்னிப்பு கேக்கறதுல தப்பு இல்ல. எதுக்குன்னு தெரிஞ்சி கேளு."

தூக்கம் வரவில்லை. எதற்கு? போனதற்கா? பூத்தில் சொன்னதற்கா? அதற்கெல்லாம் என் வாயில் மன்னிப்பு வராது. எவ்வளவு தேடியும் ஒன்றுக்குத்தான் வருகிறது.


ஜூலை 29. ஞாயிறு.

லேசான மழை. பாடகர் அறையில் ஈரக்குடைகள்.

எல்லோரும் வந்திருந்தார்கள். இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். ராபின் ஜன்னல் ஓரம். மா. வெள்ளை முழுக்கைச் சட்டையில். நடந்த தப்புக்கு எஸ்தர் மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று அறிவித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார், கேள் என்பது மாதிரி.

எழுந்தேன்.

"மன்னிச்சிடுங்க. நம்ம சபையிலேர்ந்து போயி, மேடையில பாதியில நின்னுட்டேன். அது என் தப்பு. இனிமே யாரு எழுந்து நின்னாலும் நான் நிறுத்த மாட்டேன்."

மழைச் சத்தம்.

"அவ்வளவுதானா?" என்றார் மாமா.

"அவ்வளவுதான் மாமா."